கையேடா, கலந்துரையாடலா: கடும் நோயுற்ற பதின்பருவத்தினரின் விருப்பத்தை அறிய இரு வழிகள்

நிலைமை மோசமானால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதைக் கடும் நோயுற்ற பிள்ளையிடமே முன்கூட்டிக் கேட்டறிய, அமெரிக்காவில் இரு வழிகள் உருவாகியுள்ளன.

ஒன்று, தேசிய சுகாதார நிறுவனத்தின் லோரி வீனர் குழுவினர் உருவாக்கி 2012-இல் வெளிவந்த 'வாய்சிங் மை சாய்சஸ்' என்னும் கையேடு. புற்றுநோயோ எச்.ஐ.வி. தொற்றோ உள்ள, 16 முதல் 28 வயதுக்குட்பட்ட 52 பேரிடம் கருத்துக் கேட்ட ஆய்வு இதற்கு அடித்தளம். எனவே உயிர்காக்கும் கருவிகளைப் பற்றிய கேள்விகளோடு, தனக்கு ஆறுதல் தருவது எது, தான் எப்படி நினைவுகூரப்பட வேண்டும் என்பவையும் இதில் இடம்பெறுகின்றன. நோயாளி தனக்கு இயன்ற பக்கங்களை மட்டும், இயன்றபோது நிரப்பலாம்.

மற்றொன்று, வாஷிங்டன் குழந்தைகள் மருத்துவமனையின் மரீன் லயன் குழுவினர் வகுத்த 'ஃபேஸ்' முறை. பயிற்சி பெற்ற ஒருவர், வாரம் ஒன்றாக, ஏறத்தாழ ஒரு மணி நேர அமர்வுகள் மூன்றை நடத்துகிறார். முதல் அமர்வில் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் தனித்தனியே கேள்விகள் கேட்கப்படுகின்றன. இரண்டாவதில் இருவரும் சேர்ந்து பேசுகிறார்கள். மூன்றாவதில், சிகிச்சை விருப்பங்களை முன்கூட்டியே பதிவு செய்யும் 'ஃபைவ் விஷஸ்' ஆவணம் நிரப்பப்படுகிறது.

எது மேல் என்பதை, முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதை வைத்தே எடைபோட வேண்டும். 18 வயது நிரம்பாதவர் எழுதி வைத்தது பொதுவாகச் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் பெற்றோரின் முகத்தைத்தான் பார்ப்பார். தாய் படித்திராத கையேடு அந்த நேரத்தில் பெரிதாக உதவாது. 'ஃபேஸ்' முறையோ பிள்ளை சொல்வதைப் பெற்றோரையே கேட்க வைக்கிறது. 14 முதல் 20 வயதுக்குட்பட்ட புற்றுநோயாளிகள் 30 பேரும் அவர்களின் குடும்பத்தினரும் பங்கேற்ற, 2013-இல் வெளியான ஆய்வில், இம்முறையைப் பின்பற்றிய குடும்பங்களில் இரு தரப்பு விருப்பங்களும் கூடுதலாக ஒத்துப்போயின. சிறிய ஆய்வுதான், ஆயினும் அதன் திசை எனக்கு நம்பத்தக்கதாகவே படுகிறது.

ஆனால் மூன்று வாரங்கள் காத்திருக்க நோய் எப்போதும் இடம் தருவதில்லை. பயிற்சி பெற்றவர்களும் எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பதில்லை. பெற்றோர் எதிரே வாய் திறக்காத பிள்ளைக்கு, நலப்பணியாளர் ஒருவரின் துணையுடன் நிரப்பும் கையேடே முதற்படியாக அமையும். அவகாசம் உள்ள, 18 நிரம்பாத பிள்ளைக்கு 'ஃபேஸ்' முறையையே நான் தேர்ந்து, நினைவுகூரல் தொடர்பான பக்கங்களைக் கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்வேன். 18 நிரம்பியவர், தம் சார்பில் முடிவெடுப்பவரைச் சட்டப்படி தாமே நியமிக்கலாம் என்பதால், அவர் விஷயத்தில் அந்த நியமனப் பத்திரத்தையே முதலில் முடிக்க வேண்டும்.