மண்புழுவா, லூரா?

தூண்டிலில் மண்புழுவைக் கோப்பதா, லூர் எனும் செயற்கை இரையைக் கட்டுவதா? கலங்கிய தண்ணீர் என்றால் யோசிக்கவே வேண்டாம், மண்புழுதான். கெளுத்தி போன்றவை கண்ணை நம்பி இரை தேடுவதில்லை. மீசையாலும் தோலாலும் சுவையறிந்து வரும். கருவியும் எளிது: கம்பு, நைலான் நரம்பு, சின்ன முள், ஈயக்குண்டு, தக்கை. தொல்லை என்னவென்றால், பொடிமீன்கள் கொறித்தே புழுவைக் காலி செய்துவிடும். முள்ளை ஆழமாக விழுங்கிவிடும் மீனும் உண்டு; பிடித்துத் திரும்ப விடுபவர்களுக்கு அது சிக்கல்.

லூரில் அசைவுதான் பெரும்பாலும் வேலை செய்யும். அதனால் விரால் மாதிரி பாய்ந்து தாக்கும் மீனுக்கு அதுவே பொருத்தம். (குஞ்சுகளைக் காத்து நிற்கும் விராலும் ஆவேசமாகக் கவ்வும், அதைப் பிடிக்காமல் விட்டுவிடுங்கள்.) கொடியும் பாசியும் அடர்ந்த இடத்தில் ரப்பர் தவளை லூருக்கு நிகரில்லை. முட்கள் உடலோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் எளிதில் சிக்காது. மீன் கவ்வி ரப்பர் அமுங்கும்போதுதான் முள் வெளியே வரும். ஆகவே தண்ணீர் தெறித்ததும் வெடுக்கென்று இழுக்காமல் ஒரு நொடி பொறுக்க வேண்டும். இதற்கு நீளாத பின்னல் நரம்பு நல்லது. நைலான் இழுபடும், முள் சரியாக ஏறாது. ஆனால் பாறையில் உரசினால் பின்னல் நரம்பு சீக்கிரம் அறும். அப்படிப்பட்ட இடத்தில் முனையில் தடித்த நைலான் கட்டுவது உத்தமம்.

லூரைக் கை ஓயாமல் எறிந்து சுருட்ட வேண்டும், செலவும் கூடுதல். புதியவருக்கு என் ஓட்டு புழுவுக்கே.