சிறு குடும்பத் தொழிற்சாலைக்கு வழிகாட்டியா, ஆலோசகரா, அரசுத் திட்டமா, சங்கக் குழுவா?

கோவை கணபதிப் பக்கம் அப்பாவும் தம்பியும் நானும் சேர்ந்து ஒரு பட்டறை நடத்துகிறோம். பம்ப் ஷாஃப்ட், மோட்டார் உதிரிகள் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க்தான் முக்கிய வேலை. சில வருடங்களாக விற்பனை ஏறிக்கொண்டே இருந்தது, கையில் மிஞ்சுவது மட்டும் ஏறவில்லை. வெளியாள் ஒருவர் வந்து பார்த்தால்தான் விளங்கும் என்று முடிவெடுத்தபோது நான்கு வழிகள் தெரிந்தன. கட்டணம் வாங்கும் ஆலோசகர், அரசின் லீன் (வீணாவதைக் குறைக்கும் உற்பத்தி முறை) அல்லது ஜெட் (குறையில்லாத உற்பத்திக்கான சான்றிதழ்) திட்டம், சங்கத்தில் சக முதலாளிகள் கூடும் குழு, அனுபவசாலியான ஒரு வழிகாட்டி. நாங்கள் வழிகாட்டியைத் தேர்ந்தோம், இன்றும் அவரோடுதான் போகிறோம். அதனால் என் தராசு அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆலோசகருக்குப் பணம் கொடுக்க வேண்டும், நல்ல வழிகாட்டிகள் பெரும்பாலும் வாங்குவதில்லை, அரசுத் திட்டத்தில் மானியம் உண்டு, சங்கத்தில் சந்தா கட்டினால் போதும். எங்களைப் போன்ற யூனிட்டுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தாலும் முடிவைத் தீர்மானித்தது அது இல்லை.

அரசுத் திட்டத்திலிருந்து தொடங்குகிறேன். 2023 மார்ச்சில் புதுப்பித்துக் கொண்டுவந்த லீன் திட்டத்தில், பட்டறைக்கு வந்து சொல்லித்தரும் ஆலோசகரின் செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசே ஏற்கிறது. ஜெட் சான்றிதழுக்குக் கட்டணம் வெண்கலத்துக்கு 10,000, வெள்ளிக்கு 40,000, தங்கத்துக்கு 90,000 ரூபாய். அதில் குறு நிறுவனத்துக்கு 80, சிறு நிறுவனத்துக்கு 60, நடுத்தர நிறுவனத்துக்கு 50 சதவீதம் மானியம். 2025 ஏப்ரல் முதல் குறு நிறுவனத்தின் வரம்பு, முதலீடு இரண்டரைக் கோடி, விற்றுமுதல் 10 கோடி என்று உயர்ந்துவிட்டது. நேற்றுவரை ‘சிறு’ பட்டியலில் இருந்த எத்தனையோ குடும்பப் பட்டறைகள் இப்போது ‘குறு’வுக்குள் வந்து கூடுதல் மானியம் வாங்கலாம். உத்யம் பதிவை (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எங்கள் அனுபவம் ஜெட் வெண்கலத்தோடு சரி. இயந்திரங்களைச் சுற்றிச் சுத்தமாயிற்று, பாதுகாப்புப் பலகைகள் வந்தன, பதிவேடுகள் ஒழுங்காயின. விலை போடுவதிலும் லாபத்திலும் அது கை வைக்கவில்லை. வெண்கல நிலையின் நோக்கமும் அது இல்லை. லீன் திட்டத்தில் நாங்கள் முழுதாக இறங்கிப் பார்க்காததால் அதற்கு மதிப்பெண் போட எனக்குத் தகுதியில்லை.

சக முதலாளிகளின் குழுவைச் சாதாரணமாக எடைபோடக் கூடாது. சீனாவின் நான்சாங் நகரில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இளம் நிறுவனங்களின் மேலாளர்களைப் பத்துப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒரு வருடம் மாதந்தோறும் சந்திக்க வைத்தார்கள். குழுவில் இருந்த நிறுவனங்களின் விற்பனை மற்றவர்களைவிடச் சுமார் 8 சதவீதம் கூடியது. இங்கே 1969-லிருந்து கோவை மாவட்டச் சிறுதொழில் சங்கமான கொடிசியா இருக்கிறது, ஆட்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. எந்த ஃபவுண்டரியில் வார்ப்பு சுத்தமாக வருகிறது, எந்த பேங்க் மேனேஜர் ஃபைலை நகர்த்துவார் என்பதெல்லாம் அங்கே ஒரு டீ நேரத்தில் தெரிந்துவிடும். ஆனால் எதிர் நாற்காலியில் இருப்பவரும் அதே பம்ப் கம்பெனிக்குக் கொட்டேஷன் போடுகிறவர் என்றால், நம் ரேட்டை விரித்துவைத்துப் பேச வாய் வராது. எங்களுக்கு வலித்த இடமே ரேட்தான். தொழில் வேறு வேறாக இருப்பவர்கள் சேர்ந்த குழு கிடைத்தால் கட்டாயம் சேருங்கள்.

ஆலோசகரா வழிகாட்டியா என்பதில்தான் எங்களுக்கு உண்மையான இழுபறி.

ஆலோசகர்களின் வேலைக்குப் பலன் இருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. மும்பைக்கு அருகே தாராபூர், உம்பர்காவ் பகுதிகளின் நெசவு ஆலைகளில் ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் ப்ளூமும் மற்றவர்களும் செய்த ஆய்வு 2013-ல் வெளியானது. எல்லாமே குடும்ப நிறுவனங்கள். பெரிய ஆலோசனை நிறுவனத்தின் ஆட்கள் ஒரு மாதம் நோய் கண்டறிந்து, நான்கு மாதம் கூடவே இருந்து, தரக் குறைபாட்டைப் பதிவது, கையிருப்பை ஒழுங்கு செய்வது, இயந்திரப் பராமரிப்பு போன்ற 38 நடைமுறைகளில் வேலை செய்தார்கள். முதல் வருடத்திலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் ஏறியது.

அதே ஆய்வாளர்கள் எட்டு, ஒன்பது வருடம் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். கடைப்பிடிக்கத் தொடங்கிய நடைமுறைகளில் ஏறத்தாழப் பாதி கைவிடப்பட்டிருந்தது. அப்போதும் மற்ற ஆலைகளைவிட இவை மேலாகத்தான் இருந்தன, அதையும் சொல்லிவிட வேண்டும். ஏன் விட்டீர்கள் என்று கேட்டதற்கு முக்கியமாக வந்த பதில்கள் இரண்டு. மேலாளர் வேலையை விட்டுப் போய்விட்டார், முதலாளிக்கு நேரமில்லை.

இதைப் படித்ததும் அப்பாவைத்தான் நினைத்தேன். எங்களைப் போன்ற பட்டறையில் சரியான யோசனைக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. தொடங்கியதை ஆறாவது மாதமும் விடாமல் செய்கிறோமா என்று வந்து கேட்க ஆளில்லை. என் கணக்கில் இந்த நான்கு வழிகளையும் பிரித்துக்காட்டும் ஒரே அளவுகோல் இதுதான்: தொடர்ந்து வந்து கேட்பவர் யார்? ஆலோசகரின் ஒப்பந்தம் முடியும், தணிக்கையாளர் சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் போவார். மாதம் தவறாமல் வந்து போன மாதத்து நோட்டைக் கேட்பவர் எங்களுக்கு வழிகாட்டிதான்.

எங்கள் வழிகாட்டி ஒரு பெரிய பம்ப் கம்பெனியில் உற்பத்திப் பிரிவைப் பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் இரண்டு சந்திப்பில் எதையும் மாற்றச் சொல்லவில்லை. மூன்றாவது தடவை அப்பாவின் ரேட் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “அண்ணா, இதுல செட்டிங் டைம் எங்கீங்க இருக்குது?” என்றார்.

எண்களைச் சுலபமாக்கித் தருகிறேன். இயந்திர மணிக்கு 400 ரூபாய் என்று வையுங்கள். ஒரு ஷாஃப்ட் கடைய ஐந்து நிமிடம், ஆகவே 33 ரூபாய் சொச்சம். அப்பா 42 ரூபாய் ரேட் போடுவார், பார்வைக்கு எட்டு ரூபாய்க்கு மேல் மிச்சம். ஆனால் அந்த ஷாஃப்ட்டுக்கு மெஷினை செட் செய்ய இரண்டு மணி நேரம் போகிறது, அதுவே 800 ரூபாய். லாட் 60 பீஸ் என்றால் ஒன்றுக்கு 13 ரூபாய் கூடி, அடக்கம் 46-ஐத் தாண்டிவிடும். ஒவ்வொரு பீஸிலும் நாலரை ரூபாய்க்கு மேல் கைவிட்டுப் போகும். அதே ஷாஃப்ட் 300 பீஸாக வந்தால் அடக்கம் 36 ரூபாய்தான். இரண்டு மாத ஆர்டரைச் சேர்த்து 120 ஆக்கினாலே 40-க்கு இறங்கிவிடும்.

இந்தக் கணக்கை எந்த ஆலோசகரும் போட்டுக் கொடுப்பார். ஆனால் அப்பா முப்பது வருடமாக 42 ரூபாய் பாணியில் ரேட் போட்டவர். அவரிடம் மகன் சொன்னால் அது வாக்குவாதம் ஆகிவிடும். தன் கையாலேயே லேத் ஓட்டிப் பழகிய, வயதில் கொஞ்சமே இளையவர் சொன்னபோது அப்பா பென்சிலை எடுத்துக் கூட்டிப் பார்த்தார். அடுத்த வாரம் வாடிக்கையாளரிடம் போய் ஷெட்யூலைச் சேர்த்துத் தரச் சொல்லிக் கேட்டதும் அப்பாதான். குடும்பத் தொழிலில் யோசனை சரியாக இருந்தால் மட்டும் போதாது, யார் வாயிலிருந்து வருகிறது என்பதும் சேர்ந்துதான் எடுபடும்.

அடுத்தது இதைவிடக் கடினமானது. அதே மும்பை ஆய்வில் என்னை நிறுத்திய ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு நிறுவனம் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதைக் கணிக்க மற்ற எதையும்விட உதவியது, அந்தக் குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கைதானாம். வெளியாளை நம்பிப் பொறுப்புக் கொடுப்பதில்லை, ஆகவே வீட்டு ஆட்கள் தீரும் இடத்தில் தொழிலும் நின்றுவிடுகிறது. எங்கள் வீட்டில் மூன்று பேர். மூன்று பேர் கண் போகும் தூரம் வரைதான் பட்டறையும் வளர்ந்திருந்தது.

வழிகாட்டி சின்னதாகத் தொடங்கச் சொன்னார். வாரத்துக்கு 5,000 ரூபாய் வரை இன்சர்ட் (உலோகத்தைக் கடையும் வெட்டு முனை), கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) போன்றவற்றை சூப்பர்வைசரே யாரையும் கேட்காமல் வாங்கலாம், சனிக்கிழமை கணக்கைக் காட்டினால் போதும். அப்பா அரை மனதோடு ஒத்துக்கொண்டார். சில வாரத்தில் ஒரு பில் அதிகமாகத் தெரிய, அதிகாரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆலோசகராக இருந்திருந்தால் அறிக்கையில் ‘நடைமுறைப்படுத்தப்பட்டது’ என்று எழுதி முடித்திருப்பார். வழிகாட்டி அடுத்த மாதமும் வந்தார், சனிக்கிழமை நோட்டைக் கேட்டார். பக்கம் காலியாக இருந்தது. சூப்பர்வைசரையும் உட்கார வைத்து அந்த பில்லைப் பார்த்தார்கள். புது மெட்டீரியலுக்காக வாங்கிய வேறு கிரேடு இன்சர்ட், விலையே அதுதான். மறுபடி தொடங்கினோம். இப்போது அந்த வரம்பு கூடியிருக்கிறது, அப்பா ஊருக்குப் போனாலும் மெஷின் இன்சர்ட்டுக்காக நிற்பதில்லை.

பணம் வசூலிப்பதிலும் இதே வித்தியாசம். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி என்று 2006-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. உரிய காலத்தில் தராத பணத்தை, வாங்கியவர் உண்மையில் கொடுக்கும் வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரிச் சட்டமும் நெருக்குகிறது. சட்டம் எங்கள் ஆடிட்டர் சொல்லியே தெரியும். பெரிய வாடிக்கையாளரிடம் சட்டத்தைத் தூக்கிப் பேசினால் ஆர்டர் போய்விடுமே என்ற பயத்துக்குத்தான் மருந்து இல்லாமல் இருந்தது. “தம்பி, பர்ச்சேஸ்ல பேசாதீங்க. உத்யம் நகலை ஒவ்வொரு பில்லோடயும் வையுங்க, பிப்ரவரியில அக்கவுன்ட்ஸ்ல போய்ப் பாருங்க” என்றார் வழிகாட்டி. மார்ச் முடிவதற்குள் கொடுத்தால்தான் அந்த வருடச் செலவில் காட்டலாம் என்ற அவசரம் அக்கவுன்ட்ஸுக்குத்தான் இருக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் பல வருடம் உட்கார்ந்தவருக்குத்தான் அது தெரியும்.

இவ்வளவு சொன்னபின் குறைகளையும் சொல்ல வேண்டும். வழிகாட்டியின் பலனும் தானாக நிலைத்துவிடாது. கென்யாவின் தலைநகர் நைரோபியின் டண்டோரா பகுதியில் சிறு தொழில் செய்யும் பெண்களுக்கு உள்ளூரில் வெற்றிகரமாகத் தொழில் செய்யும் வியாபாரிகளை வழிகாட்டியாக இணைத்தபோது லாபம் சராசரியாக 20 சதவீதம் கூடியது, வகுப்பறைப் பயிற்சி பெற்றவர்களுக்கு அப்படி ஏறவில்லை. ஆனால் சந்திப்புகள் நின்றதும் அந்தப் பலனும் மெல்லக் கரைந்தது. அங்கே சின்னக் கடைகள், இங்கே இயந்திரங்கள், எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தொடர்ந்து சந்திப்பதில்தான் சரக்கு இருக்கிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, அவரவர் அனுபவம்தான் அவரவர் எல்லை. எங்களவருக்கு உலோகம் கடைவதும் பம்ப் கம்பெனிகளின் மனப்போக்கும் அத்துப்படி. ஏற்றுமதி, ஆன்லைன் விற்பனை என்று கேட்டால் வேறு ஆளைக் கைகாட்டிவிடுகிறார். அப்படிக் கைகாட்டத் தயங்குகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். நமக்கு விற்பவரையோ நம்மிடம் வாங்குபவரையோ வழிகாட்டி ஆக்காதீர்கள், ரேட் நோட்டை அவர் முன் திறக்க முடியாது. கடனுக்கு ஜாமீன் கேட்கவும் கூடாது. தொழிலையே புதிதாகத் தொடங்கும் இளைஞர் என்றால் நிலைமை வேறு. 1992-லிருந்து இயங்கும் பாரதிய யுவ சக்தி டிரஸ்ட் போன்ற அமைப்புகள் கடனுக்கு வழிசெய்வதோடு வழிகாட்டியையும் இணைத்துத் தருகின்றன. அங்கே போய்க் கேட்பது நல்லது.

ஆலோசகரை ஒரேயடியாக ஒதுக்கவும் இல்லை. வாகன உதிரி பாகங்களுக்குள் நுழைய ஐ.ஏ.டி.எஃப் 16949 என்ற வாகனத் துறைத் தரச் சான்றிதழ் வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டிருக்கிறார். குறித்த தேதிக்குள் ஆவணங்களோடு முடிக்க வேண்டிய வேலை அது, அதற்குக் கட்டணம் கொடுத்து ஆலோசகரைத்தான் அமர்த்தப்போகிறோம். முதல் கூட்டத்தில் வழிகாட்டியும் உட்காருவார். ஆலோசகர் உருவாக்கும் ஒவ்வொரு படிவத்துக்கும் பட்டறையில் ஒரு பொறுப்பாளர் பெயர் இருக்க வேண்டும் என்றும், அதில் எங்கள் மூவரின் பெயரும் வரக்கூடாது என்றும் இப்போதே சொல்லிவைத்திருக்கிறார். அப்பா அந்தப் பட்டியலை எழுதத் தொடங்கிவிட்டார்.