மஸ்கடே: சிப்பித் தட்டோடு சேர்த்துப் பருக வேண்டிய ஒயின்

முதல் மிடறில் மஸ்கடே எனக்குப் பிடிக்கவில்லை. பிரான்சின் மேற்கில், லுவார் ஆறு கடலை நெருங்கும் நான்ட் நகரில், உணவு வருவதற்கு முன்பே ஒரு கோப்பையை வாங்கி வெறுமனே பருகியது என் தவறு; பாட்டிலை நெடுநேரம் பனிக்கட்டிக்குள் புதைத்து வைத்திருந்தது அந்த உணவகத்தின் தவறு. எலுமிச்சை பிழிந்த தண்ணீரைப் போல இருந்தது. பிறகு சிப்பித் தட்டு வந்தது. ஒரு சிப்பியை அதன் உப்புநீரோடு வாயிலிட்டு, மேலே ஒரு மிடறு பருகியதும், சற்று முன் வெறும் புளிப்பாகத் தெரிந்தது சிப்பியின் இனிப்பைத் தூக்கிக் காட்டியது.

பெயரைப் பார்த்து இதை இனிப்பான மஸ்கட் ஒயின் என்று எண்ணி வாங்குவோர் உண்டு. இரண்டுக்கும் தொடர்பில்லை, மஸ்கடேயில் துளியும் இனிப்பிராது. இதற்கான திராட்சையின் பெயர் மெலோன் ட பூர்கோன். பிரான்சின் கிழக்கிலுள்ள பர்கண்டியில் தோன்றிய இந்த வகை, புகழ்பெற்ற வெள்ளைத் திராட்சையான ஷார்டனேயின் உடன்பிறப்பு என்பதை மரபணு ஆய்வு காட்டியிருக்கிறது. 1709ஆம் ஆண்டின் கடுங்குளிர் நான்ட் பகுதியின் கொடிகளை அழித்துவிட்ட பின், குளிரைத் தாங்கும் திராட்சை என்பதால் இதையே பரவலாக நட்டார்கள். ஷார்டனேயின் வசீகரம் இதற்கு வாய்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தக் குறையை ஈடுகட்டுவது வண்டல். வாங்கும்போது பாட்டிலில் 'செவ்ர் எ மென்' என்ற பகுதிப் பெயரோடு 'சுர் லீ' (வண்டலின் மேல்) என்ற சொற்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நொதித்தல் முடிந்ததும் அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலை அகற்றாமல், குளிர்காலம் முழுவதும் அதன் மேலேயே ஒயினைக் கிடக்க விட்டு, மறு ஆண்டு மார்ச் 1க்குப் பிறகே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்பது விதி. இதனால் மெல்லிய ஒயினுக்கு ஒரு வழவழப்பும், புதிதாகச் சுட்ட ரொட்டியை நினைவூட்டும் வாசனையும் கிடைக்கின்றன. நாக்கின் நுனியில் ஊசி குத்தியதைப் போன்ற ஒரு குறுகுறுப்பும் சில பாட்டில்களில் தெரியும். அது ஒயினில் எஞ்சிய கரியமில வாயு, ஒயின் கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல.

சிப்பிக்கு அடுத்தபடியாக நான் பரிந்துரைப்பது, சின்ன வெங்காயம் சேர்த்து வெள்ளை ஒயினில் வேகவைத்த மட்டி. ஆனால் அந்த ஊரின் உண்மையான சோதனை பேர் பிளாங்தான். பொடியாக நறுக்கிய வெங்காயத்தை ஒயினிலும் வினிகரிலும் சுண்டவிட்டு, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்த்து அடித்து எடுக்கும் இந்தக் குழம்பை ஆற்றுமீனின் மேல் ஊற்றித் தருகிறார்கள். அத்தனை வெண்ணெய்க்கு நடுவிலும் ஒவ்வொரு மிடறும் வாயைத் துடைத்துவிட்டாற்போல் இருந்ததால், தட்டில் குழம்பு தீரும்வரை எனக்குத் திகட்டவே இல்லை. உள்ளூர்ப் பாலாடைக்கட்டியான கியூரே நான்டேயோடு பருகியபோது, பாலாடைக்கட்டியின் காரநெடி ஒயினை அமுக்கிவிட்டதாகவே எனக்குப் பட்டது. ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி இதைவிடப் பொருத்தம். சுட்ட மாட்டிறைச்சியோடு வேண்டவே வேண்டாம்.

பிரான்சில் நல்ல சுர் லீ பாட்டில் ஒன்று 10 யூரோவுக்குள்ளேயே கிடைக்கிறது. கூடுதலாகச் செலவிட மனமிருந்தால், வண்டலின் மேல் குறைந்தது 24 மாதம் வைத்திருக்க வேண்டிய கிளிசோன் என்ற ஊர்ப்பெயர் தாங்கிய மஸ்கடே பாட்டிலைத் தேடலாம். கிரானைட் நிலத்தில் விளையும் இது வாயில் கனமாக உணரப்படும். கிரீம் சேர்த்துச் சமைத்த கோழிக்கும் ஈடுகொடுக்கும். சாதாரண மஸ்கடேயை 8 முதல் 10 டிகிரி வரை குளிரவைத்தால் போதும். கிளிசோனைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் மேசையில் வைத்த பிறகே ஊற்றுங்கள்.