ட்வின்ஸ் ஸ்கேன் பேக்கேஜ்னு 14,500 ரூபாய் கட்டிடாதீங்க

ராத்திரி முழுக்கத் தூங்கலை. இப்பவே எழுதிடறேன்.

எனக்கு ரெட்டைப் பிள்ளை, ரெண்டுக்கும் ஒரே நச்சுக்கொடி. 20ஆவது வாரத்தில் டிடிடிஎஸ்னு சொல்லி சென்னையில் லேசர் பண்ணினாங்க. நச்சுக்கொடிக் குழாய் வழியா ஒரு பிள்ளை ரத்தம் இன்னொண்ணுக்குப் போறதை அடைக்கிற ஆபரேஷன். அனுப்பும்போது டாக்டர் அழுத்திச் சொன்னது ஒண்ணுதான்: வாரம் தவறாம டாப்ளர், அதாவது ரத்த ஓட்டம் பார்க்கிற ஸ்கேன், அதுவும் எம்சிஏங்கிற மூளை ரத்தக் குழாய் அளவோட.

வாராவாரம் சென்னை போக முடியாதேன்னு எங்க ஊர் ஸ்கேன் சென்டர்ல 14,500 ரூபாய் முன்கூட்டியே கட்டினோம். கவுண்டர்ல இருந்த பொண்ணு சென்னைச் சீட்டை வாங்கி, எம்சிஏங்கிற எழுத்தைச் சிவப்புப் பேனாவால வட்டம் போட்டு, "இதுவும் சேர்த்துத்தான்க்கா, நீங்க அலையவே வேண்டாம்"னா. அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் நம்பினேன்.

ரெண்டு வாரம் போனேன். பத்து நிமிஷம்கூட ஆகலை. துடிப்பு, தண்ணி, தொப்புள்கொடி, அவ்வளவுதான். "தலையில ரத்த ஓட்டம் பார்க்கணுமே சார்?"னு கேட்டேன். "எல்லாம் நார்மல்மா." ரிப்போர்ட்லயும் 'டாப்ளர் நார்மல்', ஒரு எண் இல்லை.

மூணாவது வாரம் சென்னை டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நம்பர் எங்கம்மா?"ன்னார். அவரே அளந்தார். ஒரு பிள்ளைக்கு மூளைக் குழாயில் ரத்த வேகம் இருக்க வேண்டியதைப் போல 1.5 மடங்குக்கு மேல, இன்னொண்ணுக்கு 0.8க்குக் கீழ. சோகை பிடிச்ச ரத்தம் நீர்த்துப்போய் வேகமா ஓடுமாம், கெட்டியான ரத்தம் மெதுவாத்தான் ஓடுமாம். லேசருக்குத் தப்பின இழைக் குழாய் வழியா ரத்தம் கசியுது. டேப்ஸ்னு பேரு. பனிக்குடத் தண்ணி ரெண்டுக்கும் சரியாவே இருந்தாலும் இது வரும். அதைப் பிடிக்கத்தானே அந்த அளவு!

எங்க வீட்டுக்காரர் ஸ்கேன் சென்டருக்குப் போன் பண்ணினா "சார் ஸ்கேன்ல இருக்காங்க", அப்புறம் "மேனேஜர் நாளைக்கு வருவார்", கடைசியா "பேக்கேஜ் பணம் திரும்பத் தர மாட்டோம்". 14,500 ரூபாய் போகட்டும். ரெண்டு வாரத்தை யார் தருவா?

விவரமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், கை ஓடலை. லேசர் ஆனவங்க ரெண்டு பிள்ளைக்கும் தனித்தனியா எம்சிஏ எண் எழுதாத ரிப்போர்ட்டை வாங்காதீங்க. அந்த அளவெடுக்கத் தெரிஞ்சவங்க இருக்காங்களான்னு முதல்லயே கேளுங்க. மொத்தப் பணத்தையும் முன்னாடி கட்டாதீங்க.

வியாழக்கிழமை மறுபடி ஸ்கேன். ரெண்டும் அசையுதான்னு வயித்துல கை வெச்சபடியே படுத்திருக்கேன்.