கதவுக்குள் ஒரு குடம் தண்ணீர்

அப்பாவின் 2013 மாடல் வேகன் ஆரில் உட்கார்ந்தால், ஜூலையிலும் தலைக்கு மேல் தோசைக்கல்லைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். கறுப்பு ஃபிலிம் ஒட்டலாம் என்றால் 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. சரி, டொராண்டோ திரும்புவதற்குள் சூடும் சத்தமும் குறைய, கூரைக்கும் நாலு கதவுக்கும் உள்பக்கம் டேம்பிங் ஷீட்டாவது (தகரத்தில் ஒட்டும் ரப்பர் விரிப்பு) ஒட்டிக்கொடுப்போம் என்று, சென்னையில் கார் சாமான் கடைகள் நிறைந்த ஜிபி ரோட்டுக்கு ஓட்டிப்போனேன்.

டொராண்டோவில் இதற்கு இரண்டு வாரம் தள்ளி நேரம் கொடுப்பார்கள், கூலியும் மணிக்கணக்கில். அதனாலேயே என் காருக்கு நானே கராஜில் படுத்துக்கொண்டு ஒட்டினேன். இங்கே போய் நின்ற பத்தாவது நிமிடம் சீட்டெல்லாம் பிளாட்பாரத்தில். மூன்று பையன்கள், ஆளுக்கொரு ஸ்க்ரூடிரைவர். ஊர்ப்பாசம் பொங்கிவிட்டது.

ஷீட்டை மோந்துகூடப் பார்த்தேன். மலிவான தார் ஷீட் என்றால் வாடையே காட்டிக்கொடுக்கும், வெயிலில் இளகி ஒழுகும். இது அலுமினியத் தாள் வைத்த 2 மி.மீ. பியூட்டைல் ரப்பர்தான். அது தகரத்தின் அதிர்வை அடக்கும், சூட்டைத் தடுக்க அதன்மேல் ஃபோமும் வேண்டும் என்று கூரைக்கு இரண்டையும் போடச் சொன்னேன். கதவுக்கு முழுக்க வேண்டாம், கால்வாசி ஒட்டினாலே அதிர்வு பெருமளவு அடங்கும் என்றும் சொன்னேன். "காசு குடுக்குறீங்க சார், ஃபுல்லா ஒட்டிடறோம்" என்றான் ஒருவன். தாராள மனசு. வினையும் அதில்தான்.

மூன்றாம் நாள் சாயந்திரம் நல்ல மழை. மறுநாள் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போனால், பிரேக் போடும்போதெல்லாம் 'களக்'. திரும்பினால் 'களக்'. ஸ்பீடு பிரேக்கரில் 'களக் களக்'. டிக்கியில் தண்ணி கேன் ஏதாவது வைத்திருக்கிறாயா என்று அம்மா கேட்டார். சத்தம் வேண்டாமென்று 18,000 ரூபாய் கொடுத்திருந்தேன். மற்ற சத்தமெல்லாம் அடங்கிப்போனதால் இது இன்னும் துல்லியமாகக் கேட்டது.

கண்ணாடியோரமாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேறக் கதவின் அடியில் துளைகள் உண்டு. ஃபுல்லா ஒட்டியவர்கள் அவற்றின் மேலும் ஒட்டியிருந்தார்கள். கடைக்குப் போன் செய்தால், "புது ஷீட் சார், ரெண்டு நாள்ல செட் ஆயிடும்." தண்ணீர் எப்படியப்பா செட் ஆகும்? டொராண்டோவாக இருந்தால் ரசீதை நீட்டியிருப்பேன். பாசப் பெருக்கில் ரசீதே வாங்கவில்லை.

கடைசியில் தெருமுனை டிங்கரிங் பட்டறைப் பெரியவரிடம் போனேன். கதவைத் திறந்து அடிவிளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். "மழை பெய்யற ஊர்ல கதவுக்கு மூக்கை அடைப்பாங்களா தம்பி?" என்றபடி வளைந்த கம்பி ஒன்றை விட்டுக் குத்தினார். சளசளவென்று கொட்டியது, நாலு கதவிலும். அப்படியே விட்டிருந்தால் ஐப்பசி மழைக்குள் துரு தின்றிருக்கும் என்றார். பனிக்கு ரோட்டில் உப்புத் தூவும் ஊரில் கார் வைத்திருக்கிறவனுக்குத் துருவைப் பற்றிப் பாடம்! கேட்டுக்கொண்டேன். 200 ரூபாய், இரண்டு டீ.

கூரையா? அது நன்றாகத்தான் இருக்கிறது, ஏசி இரண்டிலேயே போதுகிறது.

போன வாரம் சென்னையில் மழையாம். கதவுக்கடியில் தண்ணீர் சொட்டுவதைக் குனிந்து வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறார் அப்பா, நாலு கதவுக்கும் தனித்தனியாக.