ஆர்.சி. ஏடா, சி.எஸ்.ஐ. ஏடா? முன்னோரைத் தேடும்போது எது கைகொடுக்கும்

எங்கள் அம்மா ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். அப்பா சி.எஸ்.ஐ., அதாவது புராட்டஸ்டண்டான தென்னிந்தியத் திருச்சபை. அம்மா பிறந்தது தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். அப்பாவுக்கு அங்கிருந்து உள்ளே தள்ளி, தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு பனங்காட்டு ஊர். இரண்டு பக்கத்து முன்னோரையும் தேடி ஐந்து வருடமாக ஆலய அலுவலகங்களில் ஏறி இறங்கியிருக்கிறேன். இரண்டு சபைகளும் எழுதியது அதே பிறப்பு, கல்யாணம், சாவுதான். ஆனால் எழுதிய விதம் அவ்வளவு வேறு. எதில் ஆரம்பிக்கலாம் என்று சொந்தக்காரர்கள் பலர் கேட்பதால் நான் கண்டதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். வெள்ளைக்காரர் ஒரே குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு இருநூறு வருடம் பின்னால் போவார். நமக்கு ஒவ்வொரு தலைமுறையிலும் கயிறு அறுந்துவிடும். தகப்பன் பெயர் என்ன, ஊர் எது என்ற இரண்டையும் எந்த ஏடு தருகிறதோ அதுதான் நமக்கு நல்ல ஏடு. கடற்கரையில் பர்னாந்து, மச்சாது, மோத்தா என்று போர்ச்சுக்கீசியப் பெயர்கள் இருக்கின்றனவே என்பீர்கள். அவை ஞானஸ்நானத்தோடு வந்த பெயர்கள். ஒரே ஊரில் நூறு வீடு பர்னாந்து என்றால் நூறும் பங்காளிகள் என்று ஆகாது. அந்தப் பெயரை நம்பி நான் ஒரு வருடம் வேறு யாருடைய குடும்பத்தையோ தேடிக்கொண்டிருந்தேன்.

சர்க்கார் பதிவைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துக்குப் பின்னால் பிறந்தவர்களுக்கு அது போதும். அதற்கு முன்பும் சட்டம் இருந்தது. மதராஸ் மாகாணத்தில் 1899-இலேயே வந்துவிட்டது. கிராமத்தில் முன்சீப்தான் எழுதுவார். ஆனால் பல பதிவுகளில் குழந்தைக்குப் பெயரே இருக்காது. ஆண் குழந்தை, தகப்பன் பெயர், தேதி, அவ்வளவுதான். பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவதால் வருவது இது. ஆலய ஏட்டில் அந்தக் குறை இல்லை. பெயர் சொல்லித்தானே தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

சரி, ஆர்.சி. ஏட்டுக்கு வருவோம். திருமணங்களுக்கு ஏடு வைக்க வேண்டும் என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1563-இல் விதித்தது. ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், திருமணம், இறப்பு, பங்கிலுள்ள (ஒரு சாமியாரின், அதாவது ஆர்.சி. குருவின், பொறுப்பிலுள்ள வட்டாரத்து) குடும்பங்களின் கணக்கு என்று ஐந்து ஏடுகளை எப்படி எழுதுவது என்பதை 1614-இல் வந்த ரோமைச் சடங்கு நூல் வகுத்துக் கொடுத்தது. அதனால் உலகம் முழுக்க ஒரே மாதிரி வாக்கியம். லத்தீன் தெரியாதவருக்கும் நான்கு நாளில் பழகிவிடும். ஃபிலியுஸ் என்றால் மகன், ஃபிலியா என்றால் மகள், பத்ரினுஸ் என்றால் ஞானத்தந்தை. இந்த மூன்று சொல் போதும், பக்கம் பக்கமாகப் போகலாம்.

சிக்கல் பெயரில்தான். வீட்டில் ஞானப்பிரகாசம் என்று கூப்பிடப்பட்டவர் லத்தீன் ஏட்டில் அலோசியுஸ் என்று இருப்பார். இராயப்பன் அங்கே பெத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேப்புஸ், ஆசீர்வாதம் பெனதிக்துஸ், தேவசகாயம் லாசருஸ். அம்மாவின் தாத்தாவை நான் இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள், கோயில் வேலையைக் கவனிக்கும் கோயில்பிள்ளை எட்டிப் பார்த்து, "ஐயா, நீங்க தமிழ்ப் பேரத் தேடுறீங்க, சாமியார் லத்தீன்ல எழுதிருப்பாரு" என்றார். அடுத்த அரை மணி நேரத்தில் கிடைத்தார். ஏட்டைத் திறக்கும் முன் உங்கள் குடும்பத்துப் பெயர்கள் எந்தப் புனிதருடையவை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

ஆர்.சி. ஏட்டின் பெரிய பலம் ஓரத்தில் இருக்கிறது. 1908 முதல், ஒருவருக்குக் கல்யாணம் ஆனால் அதை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம். வேறு ஊரில் கட்டிக்கொண்டாலும் அந்தப் பங்குத்தந்தை பிறந்த பங்குக்கு எழுதி அனுப்புவார். கல்யாணம் முடித்து கொழும்புக்கும் ரங்கூனுக்கும் போனவர்களை எங்கே பிடிப்பது என்று திகைத்து நிற்கும்போது, ஓரத்தில் பொடி எழுத்தில் ஊர், தேதி, பெண் பெயர் மூன்றும் இருக்கும். சி.எஸ்.ஐ. ஏட்டில் இப்படி ஒரு ஏற்பாடு கிடையாது.

இன்னொன்றும் உண்டு, தமிழ்க் குடும்பங்களுக்கு இதைவிடப் பெரிய கொடை இல்லை என்பேன். நமக்கு மாமன் மகள், அத்தை மகன் கட்டிக்கொள்வது முறை. ஆர்.சி. சட்டத்தில் அது திருமணத் தடை. ஆயரிடமிருந்து விலக்கு வாங்கினால்தான் தாலி கட்ட முடியும். வாங்கிய விலக்கு கல்யாண ஏட்டில் பதிவாகும்: இன்ன படியில் இரத்த உறவு, விலக்கு பெறப்பட்டது என்று. பழைய கணக்கில் அத்தை மகனும் மாமன் மகளும் இரண்டாம் படி. அவர்கள் பிள்ளைகள் தங்களுக்குள் கட்டிக்கொண்டால் மூன்றாம் படி. 1917 வரை நான்காம் படி வரைக்கும் தடை இருந்தது. அதாவது தாத்தா பாட்டிக்கும் இரண்டு தலைமுறை மேலே ஒருவர் பொதுவாக இருந்தால்கூடச் சொல்லியாக வேண்டும். நமக்கு வாய்மொழியாக "அவங்க ஏதோ சொந்தம்" என்று வந்து சேர்ந்ததை, எத்தனையாவது தலைமுறையில் சொந்தம் என்று அந்த ஒரு வரி சொல்லிவிடும். என் அம்மாவின் பாட்டியும் தாத்தாவும் மூன்றாம் படி என்று படித்த அன்றைக்கு, தனித்தனியாக வரைந்து வைத்திருந்த இரண்டு மரங்கள் ஒன்றாயின.

இனி அப்பா வழி. சி.எஸ்.ஐ. என்ற பெயர் 1947-இல்தான் வந்தது. ஏடுகள் அதற்கு முன்னால் சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி., எல்.எம்.எஸ். என்ற மிஷன்களின் கையில் இருந்தவை. திருநெல்வேலிச் சீமையில் அந்த எழுத்து ரொம்பப் பழசு. 1780-இல் எழுதிய பாளையங்கோட்டைச் சபைப் பட்டியலில் 40 பேர் பெயர் இருக்கிறது. அதில் ஒருவர் 1778-இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் (மிஷன் குருவை ஐயர் என்பார்கள்) ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா. 1799-இல் கிறிஸ்தவர்களுக்கென்றே முதலூர் என்ற ஊர் உண்டானது. அப்புறம் ஊர் ஊராகச் சபைகள். 1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சத்தையொட்டி ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள்.

இந்த வரலாறு ஏட்டில் அப்படியே தெரியும். கடற்கரையில் எங்கள் அம்மா வழியார் சவேரியார் 1542-இல் வரும் முன்பே மதம் மாறியவர்கள். மாறிய தருணம் எந்த ஏட்டிலும் எங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை. அப்பா வழியில் அந்தத் தருணமே காகிதத்தில் இருக்கிறது. பெரியவர்களுக்கான ஞானஸ்நானப் பதிவில் பல இடங்களில் பழைய பெயர், புதுப் பெயர் இரண்டும் உண்டு. ஒரே தேதியில், ஒரே ஊரில், வரிசையாகப் பதினோரு பேர். அப்பா, அம்மா, நான்கு பிள்ளைகள், தம்பி குடும்பம். முதல் வரியில் இருப்பவர் எங்கள் பாட்டனாரின் பாட்டனார். பழைய பெயர் சுடலைமுத்து என்று உபதேசியார் மசியால் எழுதியிருக்கிறார். பக்கத்தில் புதுப் பெயர் வேதமாணிக்கம். வீட்டில் யாருக்கும் அந்தப் பழைய பெயர் தெரிந்திருக்கவில்லை. அப்பா அதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

கல்யாண ஏட்டிலும் சி.எஸ்.ஐ. பக்கம் ஒரு படி மேலே. 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் அச்சுப் படிவத்தில் கட்டம் கட்டமாக எல்லாம் இருக்கும்: பெயர், வயது, முதல் கல்யாணமா மறுமணமா, தொழில், வசிக்கும் இடம், தகப்பன் பெயர், ஓலை (ஆலயத்தில் கல்யாண அறிவிப்பு) வாசித்தா லைசென்ஸ் வாங்கியா, கையெழுத்து, சாட்சிகள். ஆர்.சி. வாக்கியத்தில் சாமியார் தொழிலை எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. இங்கே தொழிலுக்குத் தனிக் கட்டமே உண்டு. பனையேறி, வாத்தியார், வண்டிக்காரர் என்று மூன்று தலைமுறை நகர்ந்ததை நான் அந்த ஒரே பத்தியில் மேலிருந்து கீழாகப் படித்தேன். சாட்சிக் கையெழுத்தையும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் தாய்மாமனோ சித்தப்பாவோதான்.

வயதில் மட்டும் சி.எஸ்.ஐ. ஏட்டை அப்படியே நம்பக் கூடாது. ஆர்.சி.யில் குழந்தை பிறந்து சில நாளிலேயே தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். மிஷன் காலத்துச் சபைகளில் ஐயர் குதிரையிலோ மாட்டுவண்டியிலோ சுற்றி வரும்போதுதான் ஞானஸ்நானம். குழந்தைக்கு ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். பிறந்த தேதிக் கட்டம் காலியாக இருந்தால் ஞானஸ்நானத் தேதியைப் பிறந்தநாளாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடக்க ஏட்டில் வயது இன்னும் மோசம். எல்லாரும் 60 அல்லது 70-இல்தான் செத்திருப்பார்கள்.

ஏடு எங்கே இருக்கிறது என்பதில் இரண்டு பக்கமும் தலைவலி. ஆனால் தலைவலி வேறு வேறு. சி.எஸ்.ஐ.யில் ஒரு சேகரம், அதாவது ஒரு குருவின் கீழுள்ள சபைகளின் தொகுதி, வளர்ந்து பிரிந்தால் பழைய ஏடு தாய்ச் சேகரத்திலேயே நின்றுவிடும். ஆகையால் உங்கள் ஊர்ச் சபை எந்தச் சேகரத்திலிருந்து பிரிந்தது என்று ஊர்ப் பெரியவரிடம் கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம். ஆர்.சி. கடற்கரையில் கதை வேறு. 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டு, 1838-இல் பிரெஞ்சு இயேசு சபையார் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தார்கள். அப்போது கோவாவின் கீழிருந்த போர்ச்சுக்கீசிய உரிமைக் குருக்களுக்கும் இவர்களுக்கும் ஆட்சி யாருடையது என்ற பிணக்கு. சில ஊர்களில் இரண்டு கோயில், இரண்டு சாமியார், இரண்டு ஏடு. ஒரே வீட்டில் அண்ணன் ஓர் ஏட்டிலும் தம்பி மற்றதிலும் இருக்கலாம். 1840-க்கும் 1890-க்கும் நடுவில் ஒருவர் காணாமல் போனால் செத்துவிட்டார் என்று முடிவு கட்டும் முன் அந்த ஊரில் மற்றொரு கோயில் இருந்ததா என்று பாருங்கள்.

இன்னொரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். நான் போன ஒரு பங்கில், கரையான் அரித்த ஏட்டைப் பார்த்துப் புது நோட்டில் எழுதிவிட்டுப் பழையதை எரித்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் எழுதியவர் ஓரக் குறிப்பு எதையும் சேர்க்கவில்லை, ஞானப்பெற்றோர் பெயரையும் சேர்க்கவில்லை. எழுபது வருடத்துச் சொந்தம் அந்த அடுப்பில் போய்விட்டது. உங்கள் ஊரில் ஏடு நைந்துகொண்டிருந்தால், அனுமதி வாங்கிப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஒரு பிரதியை ஆலயத்துக்கே கொடுங்கள். தயவுசெய்து கையால் பார்த்து எழுதச் சொல்லாதீர்கள்.

சாதிப் பெயரும் வரும். இரண்டு பக்கத்து ஏடுகளிலும் பழைய பதிவுகளில் பெயரோடு சாதியை எழுதியிருக்கிறார்கள். சில இடங்களில் இன்றைக்கு வசைச்சொல்லாகத் தோன்றும் சொல்லையே. என் அத்தை அதைப் பார்த்ததும் ஏட்டை மூடிவிட்டார். தேட உதவும் விவரம்தான் அது. ஆனாலும் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

இணையத்தில் தேடலாமே என்று வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஃபேமிலிசர்ச் இலவசம், தேடிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அதை நடத்துவது மார்மன் சபை. இறந்தவர்களுக்காக அவர்கள் செய்யும் ஞானஸ்நானத்தை ஏற்காத வத்திக்கான், பங்கு ஏடுகளை அவர்களுக்குப் படமெடுக்கக் கொடுக்க வேண்டாம் என்று 2008-இல் மறைமாவட்டங்களுக்குச் சொல்லிவிட்டது. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில், மதராஸ் மாகாணத்து ஆலயங்களிலிருந்து லண்டனுக்கு அனுப்பிய நகல்கள் இருக்கின்றன. ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்கு அது புதையல். நம் ஊர்ப் பெயர்களைத் தேடினால் பெரும்பாலும் வெறுங்கைதான். தரங்கம்பாடி லுத்தரன் குடும்பங்களுக்கு மட்டும் வெளிநாட்டில் ஒரு கதவு உண்டு: சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கிய மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் பத்திரமாக இருக்கின்றன.

யாழ்ப்பாணத்தாருக்கு டச்சுக்காரர் காலத்துத் தோம்புகள் என்ற பதிவேடுகள் உண்டு. ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஞானஸ்நானமும் கல்யாணமும் பதிந்த பள்ளித் தோம்பு அதில் ஒரு வகை. உத்தியோகத்துக்காகவும் சொத்துரிமைக்காகவும் பேருக்கு ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு வீட்டில் சைவராகவே இருந்தவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். அங்கே பெயர் இருப்பதால் மட்டும் அவர் கிறிஸ்தவர் என்று எழுதிவிட வேண்டாம். தகப்பன் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் எந்தச் சபையானாலும் கல்யாண ஏட்டில் தொடங்குங்கள். ஞானஸ்நான ஏடு ஒரு தகப்பனைக் காட்டும். கல்யாண ஏடு ஒரே வரியில் இரண்டு தகப்பன்களையும் இரண்டு ஊர்களையும் காட்டும். சமீப காலத்தைத் தேடுகிறவருக்கு, ஓரக் குறிப்பு இருப்பதால் ஆர்.சி. ஏடு சுலபம். மதம் மாறிய இடத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போக நினைப்பவருக்கு மிஷன் ஏடுதான். எங்கே போனாலும் ஞாயிற்றுக்கிழமையும் திருவிழாச் சமயமும் வேண்டாம். உங்கள் பங்கிலிருந்தோ சேகரத்திலிருந்தோ ஒரு கடிதம் கையில் இருக்கட்டும். இந்த ஏடுகள் பொதுச் சொத்து அல்ல. அதில் உயிரோடு இருப்பவர்கள் விஷயமும் இருக்கிறது. தரலாமா வேண்டாமா என்பது அந்தக் குருவானவர் முடிவு.

அப்பா வழியில் சுடலைமுத்துவுக்குத் தகப்பன் பெயரும் அதே வரியில் இருக்கிறது. எழுத்துக் கரைந்து முதல் இரண்டு எழுத்துதான் தெரிகிறது. அம்மா வழியில் 1871-இல் நிற்கிறேன். அதற்கு முந்தைய ஏடு பக்கத்து ஊர் பழைய கோயிலில் ஒரு மரப்பெட்டியில் இருக்கிறதாம். தவக்காலம் முடிந்து வரச் சொல்லியிருக்கிறார் பங்குத்தந்தை.