சுவர்க் கிறுக்கல்: அழிப்பதா, ஓவியம் தீட்டக் கொடுப்பதா?

அடுக்குமாடியின் படிக்கட்டுச் சுவரில் பையன்கள் ஸ்பிரே சாயத்தால் பெயர் கிறுக்கிவிட்டால், குடியிருப்பாளர் கூட்டத்தில் மூன்று யோசனைகள் வரும்: ஆளைப் பிடித்துப் புகார் கொடு, அந்தச் சுவரையே அவர்களிடம் ஓவியம் தீட்டக் கொடு, உடனே அழி. நாங்கள் தேர்ந்தது மூன்றாவது. என் வாதமும் அதன் பக்கமே.

புகாரைச் சீக்கிரம் பேசி முடித்துவிடலாம். சிசிடிவியில் பெரும்பாலும் தொப்பியும் முகக்கவசமும்தான் தெரியும். ஆள் சிக்கி, 18 வயதுக்குக் கீழ் என்றால் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம், சிறார் நீதிமன்றம் என்று போகும். ஒரு டின் சாயத்தில் முடிகிற காரியத்துக்கு இவ்வளவு அலைச்சலா? சாயத்தின் விலையைப் பெற்றோரிடம் வாங்கிக்கொண்டு, அடுத்த கோத்தோங் ரோயோங்கில் (எல்லாரும் கூடிச் செய்யும் துப்புரவுப் பணி) பையன் கையில் ரோலரைக் கொடுப்பது மேல்.

ஓவிய யோசனைக்குத்தான் கைதட்டல் அதிகம். பினாங்கு ஆர்மேனியன் தெருவின் சைக்கிள் பிள்ளைகளை யாராவது உதாரணம் காட்டுவார்கள். அது 2012இல் ஜார்ஜ்டவுன் விழாவுக்காக எர்னஸ்ட் ஸக்காரெவிச் தீட்டியது. அதைப் பார்க்கச் சுற்றுப்பயணிகள் வரிசை கட்டுகிறார்கள். கோலாலம்பூர் செந்தூலில் உள்ள நம் பி புளோக்குக்கு யார் வருவார்?

எனக்கு முடிவைச் சொன்னது பராமரிப்புதான். 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, பொதுச் சுவர்களுக்கு மறுசாயம் பூச சிங்கிங் ஃபண்டிலிருந்து (பெரிய செலவுகளுக்கான சேமிப்பு நிதி) எடுக்கலாம். அதற்காகவே பராமரிப்புக் கட்டணத்தில் 10 விழுக்காடு தனியாக வசூலிக்கிறோம். ஓவியம் உரிந்தால்? வரைந்தவனே வந்து தொட வேண்டும். அவனோ வேலை கிடைத்து ஜொகூருக்குப் போயிருப்பான். ஆண்டுக் கூட்டத்தில் செயற்குழுவும் மாறியிருக்கும். கோலாலம்பூர் வெயிலும் ஈரமும் பொல்லாதவை: கீழிருந்து ஈரம் ஏறும் சுவரில் சாயம் கொப்புளித்து உரியும். பாதி உரிந்த ஓவியத்தின் மேல் புதிதாகக் கிறுக்க யாரும் தயங்குவதில்லை. ஒற்றை நிறச் சுவர் என்றால் பாதுகாவலரே சரிசெய்துவிடுவார்.

அழிப்பதிலும் முறை உண்டு. ஒரு நாளுக்குள் மறைய வேண்டும். விட்டு வைத்தால் பக்கத்தில் இன்னொருவன் பதில் பெயர் எழுதுவான். அவசரத்தில் நேராக எமல்ஷன் பூசுவதுதான் வழக்கமான தவறு: மார்க்கர் மையும் சிவப்பு ஸ்பிரேயும் வெள்ளைக்குள்ளிருந்து மறுபடி எட்டிப் பார்க்கும். தின்னர் போட்டுத் துடைத்தால் அடிச்சாயமும் கரைந்து பெரிய கறையாகப் பரவும். முதலில் பூஞ்சை இருந்தால் 1 பங்கு குளோரோக்ஸுக்கு (பிளீச் திரவம்) 3 பங்கு தண்ணீர் கலந்து தேய்த்து, 15 நிமிடம் விட்டுக் கழுவிக் காயவையுங்கள். கறை மறைக்கும் எண்ணெய் சீலர் ஒரு பூச்சு, காய்ந்தபின் எமல்ஷன் இரண்டு பூச்சு. படிக்கட்டுச் சன்னலைத் திறந்து வையுங்கள், சீலர் வாடை தலைவலி தரும். வெளிச்சுவரைக் காலையிலேயே முடிப்பது நல்லது. பிற்பகல் மழைக்கு நேரம் காலம் கிடையாது. 2 மீட்டருக்கு 3 மீட்டர் சுவருக்கு, லிட்டருக்கு ஏறக்குறைய 10 சதுர மீட்டர் என்ற கணக்கில், ஒன்றேகால் லிட்டர் எமல்ஷன் எடுக்கும். கிறுக்கிய இடத்தில் மட்டும் பூசாமல் மூலைக்கு மூலை பூசுங்கள், இல்லாவிட்டால் திட்டு தெரியும். டின்னில் உள்ள நிற எண்ணைக் குறித்து வைப்பது முக்கியம். ஆனால் பழைய சுவர் வெளுத்திருக்கும். உரிந்த சாயத்துண்டு ஒன்றைக் கடைக்கு எடுத்துப் போய் நிறம் கலக்கச் சொன்னால் பொருந்தும்.

ஓவியச் சுவர் கொடுத்தால் பையன்கள் மற்ற சுவர்களை விட்டுவிடுவார்களா? சிலர் விடுவார்கள், சிலருக்கு அனுமதி கிடைத்ததுமே சுவை போய்விடும். உறுதியாகச் சொல்ல என் அனுபவம் போதாது. கிள்ளான் ஆற்றங்கரை போன்ற கான்கிரீட் சுவரும், மறுசாயத்துக்குப் பணம் ஒதுக்கும் நகர மன்றமும் இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளுக்கு மட்டும் மேலே சொன்ன சீலரும் எமல்ஷனும் ஆகாது. அவை சுண்ணாம்புப் பூச்சுச் சுவர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைத்தால் பூச்சே பெயர்ந்து விழும். அதிவேக நீர்ப்பீச்சியும் பூச்சை அரித்துவிடும். அங்கே கறை பட்ட பூச்சை மெல்லச் சுரண்டி, சுண்ணாம்பு அடிக்கத் தெரிந்த கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.